முந்திப் போறவன்

அந்தப் பையத் தள்ளி வைக்காதீங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க, அது இங்கயே என் காலுக்குப் பக்கத்துல இருக்கட்டும். நீங்க இங்கிட்டு உக்காருங்க, நெழலாவும் இருக்கும். பையில ஒண்ணுமில்ல, ஒரு வேட்டி, ஒரு சட்ட, ஒரு சீப்பு. திங்கக்கெழமையில இருந்து இந்த பெஞ்சுலதான குடியிருக்கேன். மாஸ்டர், தம்பிக்கு ஒரு டீ போடுங்க. சீனி தூக்கலாவே போடுங்க, ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்க முழிச்சிருந்த மொகம்.

மேல பாருங்க. மூணாவது மாடி, ஏசி பொட்டிக்குப் பக்கத்து ஜன்னல், பச்சைத் திரை தொங்குதுல்ல? அங்கதான் எங்க அண்ணன் படுத்திருக்காரு. தவசிலிங்கம். ஆமா, அமைச்சர் தவசிலிங்கமேதான். போன ஆட்சியில அமைச்சர், இப்ப எம்எல்ஏ. எங்க ஊருப் பக்கம் ஒருவாட்டி அமைச்சரானா எப்பவும் அமைச்சர்தான், அதையெல்லாம் யாரும் எறக்கிப் பேச மாட்டாங்க.

என்னைய உள்ள விட மாட்டேங்குறாங்க தம்பி. நம்புவீங்களா? கேட்டுல நிக்கிற செக்யூரிட்டி போன்ல எம் போட்டோ இருக்கு. மொத நாளு அதப் பாத்ததும் எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. அடேயப்பா, நம்மளத் தடுத்துறக் கூடாதுன்னு அண்ணன் போட்டோவே குடுத்து வச்சிருக்காரேன்னு நெனச்சேன். அந்தப் பய போட்டோவப் பாத்தான், என்னப் பாத்தான். பக்கத்துல நின்னவன்கிட்ட, "இவரத்தான விடக் கூடாதுன்னாங்க"ங்குறான். எனக்குக் காதெல்லாம் சுட்டுப் போச்சு. முப்பது வருசமா அந்த மனுசனுக்கு முன்னால ஓடுன காலு இது. எங்கிட்டயா?

எல்லாம் அந்த மச்சினன் ரெத்தினவேலு வேல. அண்ணனோட சம்சாரத்துக்குத் தம்பி. அவந்தான் உள்ள காவலுக்கு நிக்கிறான். அண்ணன் சொல்லாததையெல்லாம் அண்ணன் சொன்னாருன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறான், வெளங்காத பய.

ஆமா, உங்களுக்கு யாரு உள்ள இருக்கா? அம்மாவா? என்ன செய்யுது? கீழ விழுந்துட்டாங்களா... இடுப்பு எலும்பு... ஆத்தி. எந்த ஊரு? சின்னமனூர்ப் பக்கமா, சரி சரி. எத்தன பிள்ளைங்க அவங்களுக்கு? பேரன் பேத்தியெல்லாம் வெளியூருலயா? வந்து சேர நேரமாகுமோ? இல்ல, சும்மாதான் கேக்குறேன். அம்மாவுக்கு நல்லதா ஒரு போட்டோ இருக்கா? சிரிச்ச மாதிரி? எல்லாரும் அத விட்டுர்றாங்க தம்பி. கடைசி நேரத்துல ஆதார் கார்டத் தூக்கிக்கிட்டு ஸ்டுடியோவுக்கு ஓடுறாங்க. பெத்த தாய அந்த மொகத்தோடயா செவுத்துல மாட்டுறது? சரி விடுங்க, ஏன் அப்பிடிப் பாக்குறீங்க. டீயக் குடிங்க, ஆறுது.

எம் பேரு மாயக்கண்ணன். சங்கு மாயக்கண்ணன்னு சொன்னாத்தான் தெரியும். கோசம் போட்டா நாலு தெருவுக்குக் கேக்கும், அதுக்காக வச்ச பேருன்னு நெனைக்கிறேன். எங்க பக்கம் சின்னப் பிள்ளைங்ககூட "சங்கு வாராரு, சங்கு வாராரு"ன்னுட்டு வீட்டுக்குள்ள ஓடும். அம்புட்டுப் பிரியம்.

கட்சியில எனக்குப் பதவி கெடையாது. நான் முந்திப் போறவன். அண்ணன் ஒரு எடத்துக்குப் போகுறதுக்கு முந்தி நான் அங்க இருப்பேன். கூட்டத்துக்கு இல்ல, கல்யாணம் காதுகுத்துக்கு இல்ல. அதுக்கெல்லாம் ஆளு இருக்கு. நான் சாவுக்கு.

சிரிக்காதீங்க தம்பி, அண்ணன் அமைச்சரானதே அதுலதான். கேளுங்க. வாலிபத்துல மொதல்ல ஒன்றியத் தேர்தல்ல நின்னாரு. மண்ணக் கவ்வுனாரு. சொந்தத் தெருவுலயே ஓட்டு விழுகல. கதவச் சாத்திக்கிட்டு உள்ள கெடந்தாரு. அந்த ஐப்பசியில குருந்தங்குளத்துல ஆடு மேய்க்கிற ஒருத்தரு இடி விழுந்து செத்துப் போனாரு. ஓடையில தண்ணி கரபொரண்டு போகுது, சொந்தக்காரங்க யாரும் அக்கரையில இருந்து வர முடியல. நாங்க ரெண்டு பேரும் கழுத்தளவு தண்ணியில கடந்து போனோம். தூக்குறதுக்கு ஆளில்லாம மூணு பேரு நின்னுக்கிட்டிருக்காங்க. அண்ணன் நாலாவது ஆளாத் தோளக் குடுத்தாரு. சுடுகாடு வரைக்கும் மாத்தவே இல்ல. அடுத்த தேர்தல்ல அந்த ஊருல எதிர்க்கட்சிக்காரன் தலையில துண்டப் போட்டுக்கிட்டுத்தான் போனான்.

அன்னைக்குத் திரும்பி வரும்போது ஈரத்தோட நின்னுக்கிட்டு அண்ணன் சொன்னாரு: "மாயா, கல்யாணத்துக்குப் போனா நானும் ஒரு விருந்தாளி. சாவுக்கு மொத ஆளாப் போனா நான் அந்த வீட்டு ஆளு. இனி இந்தப் பக்கம் எந்த வீட்டுல எழவு விழுந்தாலும் மொத மாலை என் மாலையா இருக்கணும்." அந்த ஒத்தப் பேச்சுக்குத்தான் தம்பி நான் இத்தன வருசமா ஓடுனது.

மொத ஆளாப் போறதுன்னா சும்மாவா? எழவு சொல்லி ஆளு வந்து, நாம கெளம்பிப் போயி எறங்குறதுக்குள்ள சேர்மன் பாலுச்சாமி அங்க மாலையோட நிப்பான். அவனும் நம்ம கட்சிதான், நம்ம அண்ணனுக்கு எதுராவே வளந்தவன். அவன முந்தணும்னா சேதி வர்றதுக்கு முந்தித் தெரியணும். பெரியாஸ்பத்திரி வார்டுல ஒரு ஆயா, பொணம் வைக்கிற ஐஸ் பொட்டி வாடகைக்கு விடுற சேகரு, ஊசி போடுற கம்பவுண்டரு, எல்லாரையும் பழகி வச்சேன். அதுவும் பத்தலன்னு, ஆளு சீக்காப் படுத்துட்டாருன்னு தெரிஞ்சாலே நானே போயி எதுத்தாப்புல உக்காந்துருவேன். இந்தா, இப்ப இந்த பெஞ்சுல உக்காந்திருக்கேன்ல, இதே மாதிரி.

ஜனங்க தங்கமான ஜனங்க. ஒரு வீட்டுல மருமக காப்பி கொண்டாந்து குடுத்து, "அண்ணே, இன்னும் எம்புட்டு நேரமாகும்னு நெனைக்கிறீங்க?"ன்னு எங்கிட்டயே கேட்டுச்சு. டாக்டரக் கேக்கல, என்னையக் கேட்டுச்சு. அம்புட்டு மதிப்பு. ஒண்ணு ரெண்டு பேரு கதவ அடைப்பாங்க. ஒரு கெழவி மாடியில இருந்து சாணித்தண்ணிய மேல ஊத்துச்சு. அதெல்லாம் எதிர்க்கட்சிக் குடும்பம்.

இப்ப மாவட்டம் கதைக்கு வாரேன். எங்க கட்சியில ஆளப் பேரு சொல்லிக் கூப்புட மாட்டோம். ஒன்றியச் செயலாளர்னா ஒன்றியம், மாவட்டச் செயலாளர்னா மாவட்டம். அப்ப எங்க அண்ணன் ஒன்றியம். மாவட்டம் இருளப்பன். சாமானியப்பட்ட ஆளா? கண்ணுல பாத்தாலே பாதிப்பேருக்கு ஒண்ணுக்கு வந்துரும். அண்ணனக் கைதூக்கி விட்டவரும் அவருதான், தலையத் தூக்க விடாம அமுக்கி வச்சவரும் அவருதான். அவருக்கு ஈரல் போயிருச்சு. ஆஸ்பத்திரியில கைய விரிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு தம்பி. எழுதி வச்சதில்ல, ஆனா எல்லாருக்கும் தெரியும். மாவட்டம் போயிட்டா, அவரு மேல மொத மலர்வளையம் வச்சு ஊர்வலத்துல தலமாட்டுல நடக்குறவன்தான் அடுத்த மாவட்டம். தலைமைக் கழகத்துல இருந்து பெரியவங்க வந்து எறங்கும்போது யாரு வாசல்ல நின்னு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறானோ, அவன் தோளுலதான் கைய வைப்பாங்க. பாலுச்சாமியும் காத்திருக்கான், நாங்களும் காத்திருக்கோம். மலர்வளையம் செஞ்சு அண்ணன் வீட்டுல தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வச்சிருக்கோம். வாடுனா மாத்திருவோம். நான் மாவட்டம் வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு சலூன்ல உக்காந்துட்டேன்.

ரெண்டு நாளா அசைவில்ல. மூணாம் நாளு உச்சி வெயில். வீட்டுக்குள்ள இருந்து அவரு மருமக, "ஐயோ மாமா, ஐயோ மாமா"ன்னு அலறுது. நான் எந்திரிச்சு நிக்கிறேன், தெருமுக்குல ஐஸ் பொட்டி வண்டி திரும்புது. நம்ம சேகரு வண்டி. இதுக்கு மேல என்ன வேணும்? செல்போன் வந்த புதுசு, அண்ணன் ஒண்ணு வாங்கிக் குடுத்திருந்தாரு. அடிச்சேன். "அண்ணே, முடிஞ்சுருச்சு."

ரெண்டு கார்ல ஆளோட வந்து எறங்குனாரு பாருங்க. துண்டு தோளுல இருந்து இடுப்புக்கு வந்துருச்சு, செருப்ப வாசல்லயே உதறிட்டாரு, கண்ணு கலங்கிருச்சு. மலர்வளையத்த ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, "எங்கள அநாதையா விட்டுட்டுப் போயிட்டீங்களே மாவட்டம்"னு கத்திக்கிட்டே உள்ள நுழையுறாரு. பின்னால நாங்க.

மாவட்டம் தலகாணியில சாஞ்சு உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டிருக்காரு.

கஞ்சி பொரையேறி மூச்சு முட்டிருக்கு. அதுக்குத்தான் அந்தப் பொண்ணு அலறிருக்கு. ஐஸ் பொட்டி வண்டி அடுத்த தெருவுல ஒரு ரிட்டயர்டு கண்டக்டருக்குப் போன வண்டி. எம் மேல தப்பில்ல தம்பி, அந்த எடத்துல யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா மனுசன் என்ன பண்ணுவான்?

மாலையா இருந்தாக்கூடச் சமாளிச்சிரலாம். பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம், மரியாதைக்கு ஒரு மாலைன்னு கழுத்துல போட்டுறலாம். மலர்வளையத்த என்னன்னு சொல்ல? உசுரோட இருக்கவனுக்கு உலகத்துல யாரு மலர்வளையம் கொண்டு போவா? அண்ணன் அப்பிடியே செலையா நிக்கிறாரு. வளையத்துல இருந்து தண்ணி சொட்டுது. அந்தப் பொண்ணு கரண்டியப் பிடிச்சமேனிக்கு நிக்குது.

மாவட்டம் கஞ்சிய முழுங்குனாரு. வாயத் தொடச்சாரு. ரிப்பன இழுத்து நிமித்தி, ஒவ்வொரு எழுத்தா வாசிச்சாரு. "கண்ணீருடன், தவசிலிங்கம், ஒன்றியச் செயலாளர்." வாசிச்சுட்டு அண்ணன் மொகத்தப் பாத்தாரு. "கண்ணீரக் காணமே ஒன்றியம்?"னாரு.

அண்ணன் "மாவட்டம்... மாவட்டம்..."னு அதையே சொல்லிக்கிட்டிருக்காரு.

"எதுக்கு வாசல்ல நிக்கிற? வந்துருச்சுல்ல, உள்ள கொண்டு வா"ன்னாரு மாவட்டம். கட்டிலுக்கு எதுத்த செவுத்துல அவரு கட்சியில வாங்குன கேடயமெல்லாம் இருக்கும். அதையெல்லாம் எறக்கிட்டு, அந்த ஆணியில மலர்வளையத்த மாட்டச் சொன்னாரு. அண்ணனே மாட்டுனாரு. ரெண்டுவாட்டி ஆணியில மாட்டாம நழுவிருச்சு. பாசம் தம்பி, பாசம் இல்லாட்டி நழுவுமா?

அப்பறம் என் பக்கம் திரும்புனாரு. "இவன் யாரு?"

"நம்ம பய மாயக்கண்ணன், மாவட்டம்."

என்னைய ரொம்ப நேரம் பாத்தாரு. அம்புட்டுப் பெரிய மனுசன் என்னைய அப்பிடிப் பாத்தது அதுதான் மொதவாட்டி. பாத்துட்டு அண்ணன்கிட்டச் சொன்னாரு: "இவனப் பத்திரமா வச்சுக்க ஒன்றியம். ஒனக்கும் இவன்தான் வருவான்."

கேட்டீங்களா? சாகக் கெடக்குற நேரத்துலயும் ஆள எட போட்டாரு பாருங்க. விசுவாசம்னா இவன்தான், கடைசி வரைக்கும் ஒன்னோட வருவான்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அண்ணன் என்னையத் திரும்பிப் பாத்தாரு. மொகம் வெளிறிப் போயிருந்துச்சு. அவருக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு போல.

அதுக்கப்பறம் மாவட்டம் அந்த மாசம் பூராவும் இருந்தாரு. பூவெல்லாம் கருகி, நாரு தெரிய ஆரம்பிச்சு, தரையெல்லாம் சருகு. எடுக்க விடல. பாத்துக்கிட்டே கெடந்தாராம். போனப்ப யாரு முந்துனான்னு நெனைக்கிறீங்க? பாலுச்சாமி கார எடுத்துட்டு வந்தான், பெருசா ஒரு வளையம். உள்ள போயிப் பாத்தா செவுத்துல ஏற்கெனவே எங்க வளையம் தொங்குது! ரிப்பன் மட்டும் அப்பிடியே புதுசா இருக்கு. "இதான் மொத வளையம், மாவட்டமே வாங்கி வச்சுக்கிட்டது"ன்னு நான் போட்ட சத்தத்துல பாலுச்சாமி வளையத்தத் திண்டாடிக் கீழ வச்சான். அண்ணன் மாவட்டமானாரு. மாவட்டத்துல இருந்து எம்எல்ஏ, எம்எல்ஏல இருந்து அமைச்சர். யாரால? சொல்லுங்க, யாரால?

அந்த நன்றிய அவரு மறக்கல. அத நான் எங்கயும் சொல்லுவேன். அமைச்சரானதும் எல்லாவனையும் மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போனாரு. என்னைய மட்டும், "மாயா, நீ இங்கிட்டே இரு, தொகுதி உன் கையில"ன்னுட்டாரு. எவனுக்கு அந்த நம்பிக்கைய வைப்பாரு? பங்களாப் பக்கம் வர வேண்டாம், போன்லயே பேசிக்கிருவோம்னாரு. நேரம் மிச்சமாகும்ல. அண்ணன் மக கல்யாணத்துக்கு நான் பட்டுவேட்டியெல்லாம் எடுத்து வச்சிருந்தேன். அன்னைக்குக் காலையில போன் பண்ணி, கேரளா பார்டர்ல ஒரு கிளைச் செயலாளர் தவறிட்டாரு, நீ போனாத்தான் நான் போன மாதிரின்னாரு. போயிப் பாத்தா அந்த ஆளு டீக்கடையில உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. யாரோ அண்ணனுக்குத் தப்பாச் சொல்லிட்டாங்க. என்னையப் பாத்ததும் அந்த ஆளு பேப்பரப் போட்டுட்டு ஓடுனாரு.

இன்னொண்ணு. அண்ணன் அந்த மலர்வளையம் மாட்டுன அன்னையில இருந்து கழுத்துல மாலை வாங்குனதில்ல. எம்புட்டுப் பெரிய கூட்டமானாலும் கையக் காட்டித் தடுத்துருவாரு, சால்வை மட்டும் போதும்பாரு. எளிமைத் திலகம்னு பேனரே வச்சாங்க. ஒருவாட்டி கூட்டத்துல தெரியாம ஒருத்தன் பின்னால இருந்து மாலையப் போட்டுட்டான். அண்ணன் பிச்சு எறிஞ்சுட்டு சுத்திமுத்திப் பாக்குறாரு. எதுக்குப் பாக்குறாரு? என்னையத் தேடித்தான். நான் கூட்டத்துக்குள்ள இருந்து கையத் தூக்கி, "அண்ணே, இங்கதாண்ணே இருக்கேன்"னேன். அப்பிடியே மேடையில உக்காந்துட்டாரு.

போன வருசம் நெஞ்சு வலின்னு மொதவாட்டி படுத்தப்பவும் நான் ஓடுனேன். வராந்தாவுல ஸ்ட்ரெச்சர்ல கொண்டு போறாங்க. என்னையப் பாத்ததும் கத்துனாரு பாருங்க ஒரு கத்து. "இவன் எப்பிடி வந்தான், எவன்டா இவனுக்குச் சொன்னது"ன்னு. எவனும் சொல்லலண்ணே, நானாத் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னேன். வலி தம்பி. வலியில மனுசன் என்ன பேசுறோம்னு தெரியாது.

அதுனாலதான் இந்தவாட்டி இங்கயே உக்காந்திருக்கேன். உள்ள விடாட்டியும் போகுது, நான் விட்டுட்டுப் போகலன்னு அவருக்குத் தெரியணும்ல? மொதல்ல அந்த வேப்பமரத்துக்குக் கீழதான் இருந்தேன். அங்க இருந்தா ஜன்னலுக்குத் தெரியாது. பெஞ்ச இங்கிட்டு இழுத்துப் போட்டுக்கிட்டேன். புதன்கெழமை சாயங்காலம் அண்ணன நாற்காலியில உக்கார வச்சு ஜன்னல்கிட்டக் கொண்டாந்தாங்க. நல்லாத் தேறி வந்துட்டாருன்னு உள்ள தரை தொடைக்கிற அம்மா சொல்லிருந்துச்சு. திரைய வெலக்குனாங்க. கீழ பாத்தாரு. நான் எந்திரிச்சு நின்னு தலைக்கு மேல கையெடுத்துக் கும்புட்டேன். பாத்துட்டாரு. எனக்கு அம்புட்டு சந்தோசம். திரை படக்குனு மூடிருச்சு.

அன்னைக்கு ராத்திரியே மறுபடி கீழ போயிருச்சாம் ஒடம்பு. மூச்சுக்கு மிசின் வச்சுட்டாங்களாம். கொடுத்து வைக்கல, தேறி வர்ற நேரத்துல இப்பிடி. அதுல இருந்து ரெத்தினவேலு ரெண்டுவாட்டி ஆளனுப்பிட்டான், இங்க உக்காரக் கூடாதுன்னு. ரோடு என்ன அவன் அப்பன் வீட்டு ரோடா? நான் போனா அண்ணன் தைரியம் விட்டுருவாரு.

இந்தா, பாருங்க, பாருங்க. திரை அசையுதுல்ல? ஓரத்துல? ஒரு கை தெரியுது. மறுபடி மூடிட்டாங்க. நேத்துல இருந்து இப்பிடித்தான், கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா யாரோ வெலக்கிப் பாக்குறாங்க, நான் இருக்கேனான்னு.

தம்பி, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. நான் பூக்கடையில சொல்லி வச்சுட்டேன். சொல்லித்தான் வச்சிருக்கேன், செய்யச் சொல்லல. ஞாயித்துக்கெழமை முகூர்த்தம், மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல பூ கெடைக்காது. நாளைக்கு ஒண்ணுன்னா அலைய முடியுமா? அண்ணனே இருந்தா, "என்னடா மாயா, இன்னும் சொல்லலியா"ன்னுதான் கேட்டிருப்பாரு. ஏன் தள்ளி உக்காருறீங்க? வெயிலு படுதே. இங்கிட்டு வாங்க.

சரி, உங்ககிட்டக் காட்டுறேன். பையில வேட்டி சட்ட மட்டும் இல்ல. இந்தா பாருங்க, ரிப்பன். கட்சிக் கலரு, அசல் சாட்டின். தொட்டுப் பாருங்க, சும்மா தொடுங்க. என்ன எழுதிருக்கு? வாசிங்க. "கண்ணீருடன், மாயக்கண்ணன்."

எம் பேரு தம்பி. எத்தன ரிப்பன் எழுத வச்சிருப்பேன், ஒண்ணுலகூட எம் பேரு இருந்ததில்ல. எல்லாத்துலயும் தவசிலிங்கம், தவசிலிங்கம். ஊருல இருக்கவன் எல்லாத்துக்கும் அண்ணன் பேருல மாலை போட்டேன். அண்ணனுக்கு யாரு பேருல போடுறது? ராத்திரி அத நெனச்சு அழுதுட்டேன். சத்தியமா அழுதுட்டேன். அந்த ரெத்தினவேலு மொத வளையத்த வச்சு, மொத ஆளா நின்னு, நாளைக்கு இடைத்தேர்தல்னு ஒண்ணு வந்தா அவன் போயி நிக்கிறதா? எனக்குப் பதவி ஆசை கெடையாது, அத நெனச்சு நான் சொல்லல. எனக்கு வேண்டியது அந்த ஒத்த வளையந்தான். அண்ணன்கிட்ட நான் மொத ஆளா இருக்கணும். அதுக்கு நான் அந்த வாசல்ல நிக்கணும். இங்க ரோட்டுல நின்னா எப்பிடி முந்துறது?

உள்ள வைக்கிறேன், யாரோ வாராங்க.

அட. ரெத்தினவேலுதான். அவனே ரோட்டத் தாண்டி வாரான். மூஞ்சியப் பாருங்க, தூங்கி நாளாச்சு போல. நீங்க எந்திரிக்காதீங்க தம்பி, இருங்க, ஒரு ஆளு சாட்சிக்கு இருக்கட்டும்.

என்ன ரெத்தினவேலு, நீங்களே எறங்கி வந்துட்டீங்க? எந்திரிக்க மாட்டேன், சொல்லிட்டேன். போலீசக் கூட்டிட்டு வாங்க, அப்பவும்... என்னது? யாரு? அண்ணனா?

தம்பி, கேட்டீங்களா? அண்ணன் கூப்புடுறாராம்! நான் சொன்னேன்ல? மூச்சு மிசினச் சைகை காட்டிக் கழட்டச் சொல்லிட்டுப் பேசுனாராம். யாரு தடுத்தும் கேக்கலியாம். பாத்தீங்களா, முப்பது வருசம். கடைசியில யாரக் கூப்புட்டாரு? பெத்த மகளக் கூப்புடல, கட்டுனவளக் கூப்புடல.

இருங்க ரெத்தினவேலு, என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க. "எதுக்கு வாசல்ல நிக்கிறான்? வந்துட்டான்ல, உள்ள வரச் சொல்லு"ன்னாரா?

அப்பிடியேவா சொன்னாரு? மாவட்டம் சொன்ன மாதிரியேவா?

அப்பறம்? இன்னும் என்னமோ சொன்னாருன்னீங்களே. பையோடயா? "அந்தப் பையோட வரச் சொல்லு"ன்னாரா? பையில ஒண்ணுமில்லியே, வேட்டி சட்டதான... அங்க இருந்து பை தெரியுமா? அவருக்கு எப்பிடி...

சரி. நீங்க முன்னால போங்க ரெத்தினவேலு. நான் வாரேன். வாரேன்னு சொல்லுறேன்ல.

போயிட்டான். அங்கன கேட்டுல நின்னு பாக்குறான். மேல பாருங்க தம்பி, திரைய முழுசா வெலக்கிட்டாங்க. கட்டிலயே ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்காங்க போல. இங்கதான் பாக்குறாரு.

கும்புடுவோம்னா கை எந்திரிக்க மாட்டேங்குது. இது என்னன்னு தெரியல. டீ குடிக்காததுனால இருக்கும். எத்தன வாசலு ஏறிருக்கேன், எந்த வாசல்லயும் நான் தயங்குனவன் இல்ல. எல்லாரும் அழுதுக்கிட்டே பின்னால நிப்பாங்க, நான் பாட்டுக்கு உள்ள போயிருவேன். கூட ஒருத்தரத் தேடுனதில்ல.

தம்பி, நீங்களும் அம்மாவப் பாக்க உள்ளதான போகணும்? சேந்தே போவோமா? மூணாவது மாடி வரைக்கும் வந்தாப் போதும். இந்தப் பைய மட்டும் நீங்க பிடிங்க.